நூறைத் தொட்டதும் ஸ்டீரிங் நடுங்குவது ஏன்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் பட்டறைக்குப் போய் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டால் ஸ்டீரிங் நடுங்குகிறது" என்பார்கள். பேலன்சிங் செய்வார்கள், நடுக்கம் நிற்காது. டயரை மாற்றுவார்கள், அப்போதும் நிற்காது. பிறகு ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், பிரேக் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைந்த பின்னும் நடுக்கம் அப்படியே இருக்கும்.

இது வெறும் பணப் பிரச்சினை அல்ல. தளர்ந்துபோன சக்கர நட்டும், உள்ளுக்குள் அடுக்குப் பிரியத் தொடங்கிய டயரும் முதலில் இதே நடுக்கமாகத்தான் வெளிப்படும். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன், நடுக்கம் எப்போது வருகிறது, எங்கே தெரிகிறது என்ற இரண்டையும் கவனிப்பது மிக அவசியம்.

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைக் கார், 1997 வரை தயாரிக்கப்பட்டது. ஜப்பானில் இதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். எடை குறைந்த கார் என்பதால் சக்கரத்தில் உள்ள சின்னக் குறையும் ஓட்டுபவரின் கைக்கு வந்து சேர்ந்துவிடும். பெரிய குடும்பக் காரில் தெரியாத நடுக்கம் இதில் தெளிவாகத் தெரியும்.

30 கிராம் என்ன செய்துவிடும்?

இந்தக் காரின் 14 அங்குல டயர் ஒரு முறை சுழன்றால் கார் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 15 முறை சுழல்கிறது. அப்போது ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடை ஒரு பக்கமாகக் கூடினால், அது ஏறக்குறைய 5 கிலோ எடைக்கு ஈடான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். அதுவும் விநாடிக்கு 15 முறை மேலும் கீழும் மாறி மாறி இழுக்கும். வேகம் 50 ஆகக் குறைந்தால் அந்த விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு 90 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலோ 110 வரை ஓட்டலாம். ஆகவே சிங்கப்பூரில் ஒழுங்காக ஓடிய கார், ஜொகூரைத் தாண்டியதும் நடுங்குவதில் வியப்பில்லை.

வேகம் 120 ஆனால் சில கார்களில் நடுக்கம் குறைந்துவிடுகிறதே, அது எப்படி என்ற கேள்வி எழலாம். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளினால்தான் அது உயரே போகும். சக்கரத்தைத் தாங்கும் பாகங்களுக்கும் அப்படி ஓர் ஆட்டம் உண்டு. சக்கரத்தின் சுழற்சி அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடையும்; வேகம் அதைத் தாண்டினால் தணியும். நடுக்கம் தணிந்ததால் குறை போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கே தெரிகிறது? எப்போது வருகிறது?

ஸ்டீரிங் நடுங்கினால் முன் சக்கரங்களையும், இருக்கை நடுங்கினால் பின் சக்கரங்களையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போதே கார் தள்ளாடினால் டயரின் வடிவம் கெட்டிருக்கலாம். எண்ணெயை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் அச்சுத்தண்டுகளின் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டு சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்வதால், அதன் குறை குலுக்கலாக வராமல் ரீங்காரம் போன்ற மெல்லிய அதிர்வாக வரும்.

அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அதிர்வு மாறினால் இயந்திரத்தின் பக்கம் கோளாறு. மாறாவிட்டால் சக்கரத்தின் பக்கம்.

செலவில்லாத சோதனைகள்

பட்டறைக்குப் போகும் முன் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பது. இரண்டாவது, காற்றழுத்தம். இந்தக் காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. எல்லாக் கார்களுக்கும் அடிக்கும் அளவையே இதற்கும் அடிப்பது தவறு. மூன்றாவது, ரிம்மின் உட்புறத்தில் சேறு அப்பியுள்ளதா, ஒட்டியிருந்த பேலன்சிங் எடை விழுந்துவிட்டதா என்று பார்ப்பது.

நான்காவது, டயரின் வயது. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள் 2318 என்றிருந்தால், அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வார இறுதியில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமை அடைந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திய கார் என்றால், டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகவும் ஆகியிருக்கும்.

ஐந்தாவதுதான் மிகவும் பயனுள்ளது. நான்கு டயர்களும் ஒரே அளவு என்றால், முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். டயரில் அம்புக்குறி இருந்தால் இடப் பக்கச் சக்கரம் இடப் பக்கத்திலேயே இருக்கட்டும். நடுக்கம் ஸ்டீரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால், குறை டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. மாறாமல் ஸ்டீரிங்கிலேயே நின்றால் குறை காரின் முன்பகுதியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேவையில்லாத பல செலவுகளைத் தடுத்துவிடும்.

பேலன்சிங் செய்தும் நிற்காவிட்டால்?

பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. இந்தக் காரின் சக்கர மையம் 54.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. வெளியில் வாங்கும் அழகு ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்துவதற்காகப் பெரிய துளையோடு வருகின்றன. இடையில் வளையம் போடாமல் பூட்டினால் சக்கரம் மையத்திலிருந்து சற்று விலகி உட்காரும். பேலன்சிங் இயந்திரத்தில் எல்லாம் சரியாகக் காட்டும். காரில் பூட்டியதும் நடுங்கும். சில வெள்ளியில் கிடைக்கும் வளையம் இதைத் தீர்த்துவிடும்.

நட்டுகளை ஏர் கன்னால் ஒரேயடியாக முறுக்குவதும் தவறு. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இந்தக் காருக்கு உரிய அளவு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்.

எடை சமமாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாமல் போகலாம். டயரின் மேல் உருளையை அழுத்திச் சுழற்றும் ரோட் ஃபோர்ஸ் இயந்திரம் உள்ள கடையில் இதைக் கண்டுபிடிக்கலாம். அலைன்மெண்ட் செய்வது மட்டும் இதற்குத் தீர்வாகாது. கார் ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒரு பக்கம் தேய்வதற்கும்தான் அது மருந்து.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே பேரிங், பால் ஜாயிண்ட், டை ராட், ரப்பர் புஷ் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் தளர்ச்சி தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தளர்ச்சி தெரியும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நடுக்கம் திடீரெனத் தொடங்கினாலோ, ஒரே பயணத்தில் கூடிக்கொண்டே போனாலோ, கூடவே தட்டும் சத்தம் கேட்டாலோ, வீடு வரை சமாளித்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. வேகத்தை மெல்லக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நட்டுகளையும் டயரையும் பார்க்க வேண்டும். டயரில் எங்கேனும் புடைப்பு தெரிந்தால் அந்தச் சக்கரத்தோடு மேலும் ஓட்டக் கூடாது.

மற்ற நேரங்களில் ஒரு சிறு தாள் போதும். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டீரிங்கிலா இருக்கையிலா, பிரேக் அழுத்தும்போதா சும்மா ஓடும்போதா என்று எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். "கார் ஆடுகிறது" என்று மட்டும் கேட்கும் மெக்கானிக் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கத்தான் முடியும். அந்தத் தாளைப் படிப்பவர் எந்தச் சக்கரத்தை முதலில் கழற்றுவது என்று அறிந்துகொள்வார். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலில் நிற்கும் குடும்பக் காருக்கும் இது பொருந்தும்.