மஞ்சள் உள்ளங்கை: கேரட் பற்றி ஒரு குறிப்பு

வட்டக்கானலில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தபோது தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் கேரட் ஜூஸ் குடித்தேன். அதற்கே அரைக்கிலோ கேரட் போய்விடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் கேரட் மண்ணோடு மலிவாகக் கிடைக்கும்போது யார் விடுவார்? "குடிங்க தம்பி, தோல் மினுமினுன்னு ஆயிடும்" என்று வீட்டுக்கார அக்காவும் சொன்னார். ஐந்தாவது வாரம் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. அக்கா பதறிப்போனார். "இது மஞ்சக்காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுத் தர்றேன்."

எனக்கும் பயம்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பிலிருபின் சரியாகவே இருந்தது. வந்திருந்தது கரோட்டினீமியா. 1919-இல் நியூயார்க்கில் ஹெஸ், மையர்ஸ் இருவரும் கேரட் ஊட்டப்பட்ட குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

கேரட்டின் நிறமி பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. வியர்வையோடும் தோலின் எண்ணெயோடும் வெளியே வந்து, தோலின் மேலடுக்கில் படியும். அந்த அடுக்கு தடிமனாக இருக்கும் உள்ளங்கை, உள்ளங்கால், அப்புறம் எண்ணெய் வழியும் மூக்கோரம், இங்கேதான் மஞ்சள் முதலில் தெரியும். கண்ணின் வெள்ளையில் படியாது. காமாலையில் கண்ணும் மஞ்சளாகும், சிறுநீரும் கறுக்கும். ஆகவே கை மஞ்சளானால் முதலில் கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள். கண் மஞ்சளாக இருந்தால் கீழாநெல்லியோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள். கேரட்டே அதிகம் சாப்பிடாதவருக்குக் கை மஞ்சளானாலும் காட்டத்தான் வேண்டும். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய் போன்றவற்றிலும் ரத்தத்தில் கரோட்டின் ஏறும்.

வகையைப் பொறுத்து 100 கிராம் கேரட்டில் 5 முதல் 8 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கும். தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் சில வாரம் போனால் நிறம் மாறலாம். பச்சையாகக் கடித்தால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். அரைத்தாலோ, எண்ணெய் விட்டுப் பொரியல் செய்தாலோ கூடுதலாகச் சேரும்.

அக்கா சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. காய்கறி, பழம் கூடுதலாகச் சாப்பிடுபவர்களின் தோல் லேசாகப் பொன்னிறம் கொள்கிறது, பார்ப்பவர்களுக்கு அது ஆரோக்கியமாகத் தெரிகிறது என்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அளவுக்கு அன்றாடக் காய்கறியே போதும், அரைக்கிலோ ஜூஸ் வேண்டாம்.

வைட்டமின் ஏ அதிகமாகி நஞ்சாகுமோ என்றும் பயப்பட வேண்டாம். கேரட்டிலிருந்து தேவையான அளவைத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். மாத்திரை கதை வேறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியிருந்தது. முடிவு 1994-இல் வெளியானது. "ஸ்கின் க்ளோ" என்று விற்கும் மாத்திரையை வாங்கும்முன், குறிப்பாகப் புகைபிடிப்பவர்கள், இதை நினைவில் வைக்கலாம்.

கேரட் வெயிலிலிருந்து தோலைக் காக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. காப்பு ரொம்பச் சொற்பம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 முதல் 12% கூடும், கொடைக்கானல் மலையோ சுமார் 2,100 மீட்டர். குளிரும் மூடுபனியும் இருப்பதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் மெல்லிய மேகம் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. டால்பின் நோஸ் வரை தொப்பி இல்லாமல் நடந்துவிட்டு வந்து மூக்குத்தோல் உரிந்தபோது, நான் கேரட் ஜூஸின் நான்காவது வாரத்தில் இருந்தேன்.

ஜூஸை நிறுத்தியபின் மஞ்சள் போக இரண்டு மாதம் ஆயிற்று.