கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? ஃபார்மட் செய்யும் முன் ரேமைப் பாருங்கள்



2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகள் மூலமாகப் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது அப்படித்தான். அக்காவுக்குக் கிடைத்த கணினியில் பிறகு தம்பி படிக்கிறான். வெளிநாட்டில் இருக்கும் அத்தாவுடன் பேசுவது, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, கல்யாண ஃபோட்டோக்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் அதில்தான். சில வீடுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது.

வயதான கணினி ஒருநாள் நீலத் திரை காட்டி நின்றுபோகும். தானாக அணைந்து எழும். உடனே நம் வாயிலும் கடைக்காரர் வாயிலும் வரும் சொல், "ஃபார்மட் பண்ணிடலாம்." ஃபார்மட் செய்தால் அந்த டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும். கோளாறு ரேமில் இருந்தால், அத்தனையும் இழந்த பிறகும் கணினி நின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் முதலில் ரேமைச் சோதிக்க வேண்டும் என்கிறோம். அதற்குக் காசு செலவில்லை.

ரேம் என்றால் என்ன?

ஹார்ட் டிஸ்க்கைப் பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது களம். பத்தாயத்தில் உள்ளது அப்படியே இருக்கும். வேலை நடக்க வேண்டுமானால் நெல்லைக் களத்தில் கொட்டியாக வேண்டும். மின்சாரம் போனால் களத்தில் கிடந்தது போய்விடும். சேமிக்காத கடிதம் காணாமல் போவது இதனால்தான்.

களம் சிறியதாக இருப்பது வேறு, களத்தில் விரிசல் இருப்பது வேறு. ரேம் போதாவிட்டால் கணினி மெதுவாக ஓடும், திணறும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் இடம் போதவில்லை என்று பொருள். ரேம் பழுதானால் கணினி மெதுவாகாமலே திடீரென்று விழும்.

பழுதின் அடையாளங்கள்

ஒரே ஒரு புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் கணினி நின்றால், அந்தப் புரோகிராமைச் சந்தேகியுங்கள். எந்த வேலை செய்தாலும் நின்று, நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாசகம் வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற வாசகம் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் திரையில் ஒன்றும் வராமல் பீப் ஒலி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதும், நன்றாக இருந்த ஃபைல் திறக்க மறுப்பதும், விண்டோஸ் ஏற்றும்போது பாதியில் பிழை வருவதும் ரேம் பழுதாக இருக்கலாம்.

எந்த வாசகமும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம்தான் காரணம். அறுவடைக் காலத்துத் தூசி ஃபேனில் அடைத்திருக்கிறதா, வோல்டேஜ் ஏறி இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு சிறு பிழை என்ன செய்யும்?

பெல்ஜியம் நாட்டில் 2003 மே 18 அன்று நடந்த தேர்தலில், ஸ்கார்பீக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு இருக்க வேண்டியதைவிட 4,096 வாக்குகள் கூடுதலாகக் காட்டியது கணினி. அவ்வளவு வாக்கு வரவே வழியில்லை என்பதால் பிழை பிடிபட்டது. 4,096 என்பது 2-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். நினைவகத்தில் ஒரே ஒரு 0 தானாக 1 ஆக மாறினால் இப்படி நேரும். மென்பொருளில் தவறு எதுவும் கிடைக்காததால், அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு செய்தனர்.

எப்போதோ ஒருமுறை நேரும் இத்தகைய பிழைக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கூகுள் தன் கணினிகளின் ரேமை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிழைகளில் பெரும்பகுதி ரேமில் உள்ள நிரந்தரப் பழுதால் வருபவை. ஒருமுறை பிழை காட்டிய ரேம் மீண்டும் காட்டும் வாய்ப்பு அதிகம். எனவே கணினி திரும்பத் திரும்ப நின்றால் அலட்சியம் செய்யாதீர்கள்.

சோதிக்கும் முறை

விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். சோதனை தானாக நடக்கும். உங்கள் ஃபைல்களை அது தொடாது. முடிந்து விண்டோஸ் வந்தபின் முடிவைக் காட்டும். ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். பிழை இல்லை என்று வந்தும் கணினி நின்றால், 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுதும் ஓட விடுங்கள்.

சரிசெய்யும் முறை

கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள். மடிக்கணினியானால் பேட்டரியையும் கழற்றுங்கள். கழற்ற முடியாத பேட்டரியானால் கடையில் கொடுப்பதே நல்லது. ஓர் இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு ரேமின் ஓரங்களைப் பிடித்து எடுங்கள். பொன்னிறப் பற்களைக் கையால் தொடாதீர்கள். ஆற்றங்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அந்தப் பற்களில் அழுக்குப் படியலாம். மென்மையான பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகளை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, கிளிப் பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பல கணினிகள் இதிலேயே சரியாகிவிடும்.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் பிழை காட்டினால் அந்த ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டு பழுது. நல்ல ரேமை மட்டும் வைத்து, முக்கிய ஃபைல்களை உடனே பென் டிரைவில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான ரேமோடு நகலெடுத்தால் நகலும் கெடக்கூடும். அந்நிலையில் புது விண்டோஸ் ஏற்றினாலும் அதுவும் கெட்டுப்போகலாம்.

வாங்கும்போது கவனிக்க

டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினி ரேமும் டெஸ்க்டாப் ரேமும் வேறு அளவு. பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் உள்ள கணினி 2 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது. அவற்றில் அதற்கு மேல் ரேம் போடுவது வீண் செலவு.

கடையில் கொடுத்தால் மூன்று சொல்லுங்கள்: எங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம், ரேம் சோதனையின் முடிவைக் காட்டுங்கள், மாற்றினால் பழைய ரேமைத் திருப்பிக் கொடுங்கள். பில் கேட்டு வாங்கி வாரண்டியைப் பத்திரப்படுத்துங்கள்.

பிள்ளையின் சான்றிதழ் நகலும் மவுத்தான பெரியவர்களின் ஃபோட்டோவும் ஒரே கணினியில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. கணினி நன்றாக ஓடும் இன்றே அவற்றை இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்.