கண் திரும்பிய அந்தக் கணம்

மூன்று வயதுப் பையன் ஒருவன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு இன்னும் வரவில்லை. பக்கத்தில் அம்மா, "இது என்ன கலர்? இங்க பாரு, பந்து பாரு" என்று விடாமல் கூப்பிடுகிறார். அவன் திரும்புவதாக இல்லை. இதை வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். சக்கரம் ஓய்ந்ததும் அவன் கண் ஒரு கணம் அம்மாவின் கைப்பக்கம் போயிருக்கிறது. அவரோ அந்த நேரம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணங்களைக் கொண்டே ஒரு சிகிச்சையை உருவாக்கியது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனதன் கிரீன் குழு. 'பாக்ட்' என்பது அதன் பெயர். இதில் பேச்சுப் பயிற்சியாளர் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதில்லை. தாயோ தந்தையோ பிள்ளையோடு விளையாடுவதைப் பதிவுசெய்து, அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார். எங்கே கைகூடியதோ அங்கே நிறுத்துகிறார். "இங்கே நீங்கள் பேசாமல் காத்திருந்தீர்கள், அவன் நிமிர்ந்து பார்த்தான்." பிள்ளையின் கவனம் எதில் இருக்கிறதோ அதைப் பின்தொடர்வது, அதையே சின்னச் சொற்களில் சொல்வது, பிறகு சற்று விட்டுப்பிடித்து அவனே தொடங்க இடம் கொடுப்பது எனப் பயிற்சி படிப்படியாக நகர்கிறது. வீட்டில் தினமும் அரை மணி நேரம் இதைச் செய்யவேண்டும்.

பெற்றோரின் பேச்சைத் திருத்தும் சிகிச்சை என்றதும் ஒரு பழைய காயம் வலிக்கும். 1950, 60களில், தாயின் அன்பில் சூடில்லாததே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அமெரிக்காவில் பலர் நம்பினார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் அதைப் பெரிதாகப் பரப்பினார். உளவியலாளரும், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் அதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். அந்தப் பொய்க்குப் பலியான தாய்மார்களுக்கு யாரும் ஈடு செய்ய முடியாது.

பாக்ட் புறப்படும் இடம் இதற்கு நேர் எதிரானது. பெற்றோரிடம் குறை எதுவும் இல்லை. இந்தப் பிள்ளைகள் காட்டும் சைகைகள் அவ்வளவு மெலிதானவை, அவ்வளவு அரிதானவை. வேறு பிள்ளைக்குத் தாராளமாகப் போதுமான கவனம் இங்கே போதுவதில்லை.

லண்டன், மான்செஸ்டர், நியூகாசில் பகுதிகளைச் சேர்ந்த, ஐந்து வயதுக்குட்பட்ட 152 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். 2010இல் வந்த முடிவு ஏமாற்றமே. பெற்றோர் பதிலளிக்கும் விதம் நன்றாக மாறியிருந்தது. ஆட்டிசத்தின் கூறுகளில் தெரிந்த மாற்றமோ கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. ஆனால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து, பத்து வயதை ஒட்டி நின்ற அதே பிள்ளைகளில் 121 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குக் கடுமையான ஆட்டிசக் கூறுகள் இருந்தன. பாக்ட் குடும்பங்களில் அது 46 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் பாக்ட் பயிற்சியாளர் யாரும் உடன் இல்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் அம்மா அப்பா கூடவே இருந்தார்கள். பழகிய கண் பிறகு அந்தப் பழக்கத்தை விடவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதைக் குணமாக்கும் வித்தை என்று யாராவது விற்க வந்தால் நம்பவேண்டாம். பதற்றத்திலும் முரட்டு நடத்தையிலும் அந்தப் பிள்ளைகளிடம் வித்தியாசம் காணவில்லை. வீட்டோடு பள்ளியையும் சேர்த்து, இன்னும் பெரிதாக நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தபோது, பெற்றோருடனான உறவாடல் மேம்பட்டிருந்தது. ஆட்டிசக் கூறுகள் குறையவில்லை.

நமக்கு நெருக்கமான சோதனை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. 65 பிள்ளைகள். வீட்டுக்கு வந்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பேச்சுப் பயிற்சியாளர் இல்லாத ஊர்களே மிகுந்த நாட்டில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரியவில்லை. பெற்றோரின் பதில் மேம்பட்டது, பிள்ளைகள் தாமாகவே தொடங்குவது கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

தினசரி அரை மணி நேரம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பெரும்பாலும் அம்மாவுடையது. இந்தச் சுமையை வேறு விதமாகக் கையாளும் பயிற்சியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்கென வகுத்த பயிற்சியில் ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு. அது விளையாட்டை மட்டும் நம்பவில்லை. உடுத்துதல், உண்ணுதல் போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியைப் புகுத்துகிறது. பராமரிப்பவரின் மனநலத்துக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.