நிறம் மாறிய கடிகார முகப்பு: மெய்யும் பொய்யும்

பொருள் பழமையடையின் விலை குறைதல் உலகியல்பு. இதற்கு விலக்காவன சில உள. கறுப்பாயிருந்து காலப்போக்கில் பழுப்பு நிறமெய்திய கைக்கடிகார முகப்பு அவற்றுள் ஒன்று. ரோலெக்ஸ், ஒமேகா முதலிய சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களுள், 1950, 1960ஆம் ஆண்டுகளை யொட்டிச் செய்யப்பட்ட சிலவற்றில் இம்மாற்றம் காணப்படுகின்றது. சேகரிப்போர் இதனை 'டிராபிக்கல்' முகப்பு என்பர். வெப்ப நாடுகளின் வெயிலும் ஈரமுமே இதற்குக் காரணமெனக் கருதியமையால் இப்பெயர் வந்தது.

பித்தளைத் தகட்டின்மீது பூசிய கரிய மெருகு சூரியனின் புறஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் சிதைவதே நிறமாற்றத்தின் காரணமாம். ஒருகாலத்தில் குறையெனக் கருதப்பட்ட இது இன்று பெருவிலை பெறுகின்றது. ஆதலின் நல்ல முகப்பை அடுப்பிலிட்டு வாட்டியும், கதிர்விளக்கின்கீழ் வைத்தும், இரசாயனப் பொருள் தடவியும் பழுப்பாக்குவோர் தோன்றினர்.

மெய்யானதை அறிவது எங்ஙனம்? முதலாவது, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. வெயில் படாது கூட்டின் விளிம்பு மறைத்த ஓரம் பெரும்பாலும் கருமை குன்றாதிருக்கும். முகப்பைத் தனியே கழற்றி வாட்டியிருப்பின் அவ்வோரமும் ஒருங்கே மாறியிருக்கும். மெருகில் கொப்புளமும் வெடிப்பும் காணின் ஐயுறுதல் தகும்.

இரண்டாவது, எழுத்துக்களை ஆராய்க. பொன்னிற எழுத்துடைய பழைய கரிய முகப்புகள் பலவற்றில் எழுத்து மேலே அச்சிட்டதன்று; மெருகினிடையே தோன்றும் பித்தளையேயாம். அவ்வகை முகப்பில் எழுத்து மெருகின்மேல் தடித்து நிற்குமாயின், அது மீண்டும் தீட்டப்பட்டது என்க.

மூன்றாவது, இருளில் ஒளிருமாறு இட்ட பூச்சினை நோக்குக. முற்காலத்தில் ரேடியமும், 1960ஆம் ஆண்டுகள் முதல் டிரிட்டியமும் வழங்கின. ரேடியம் பாதியாய்க் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். டிரிட்டியத்திற்கோ 12 ஆண்டுகளே. பழைய ரேடியப் பூச்சு இன்று ஒளிர்வதில்லை. அதிற் கலந்த துத்தநாக சல்பைடு சிதைந்துபோயிற்று. ஆயினும் அதன் கதிர் கைகர் கருவிக்குப் புலப்படும். டிரிட்டியத்தின் மெல்லிய கதிரோ கண்ணாடியைக் கடந்து வாராது. ஆகவே டிரிட்டியத்தைக் குறிக்கும் 'டி' என்னும் எழுத்துள்ள முகப்பில் கருவி மிகுதியாய் ஒலிக்குமேல், முகப்பும் பூச்சும் ஒன்றற்கொன்று உரியனவல்ல என்று ஐயுறல் வேண்டும். ரேடியத் தூசி உடலுட் புகின் பெருந்தீங்காதலின், அத்தகைய கடிகாரத்தைத் திறந்து சுரண்டுதல் கூடாது.

இவையெல்லாம் தேறினும் முகப்பு மட்டும் சான்றாகாது. 2021இல் ஜெனீவா நகர ஏலத்தில் பழுப்பு முகப்புடைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. தன் காட்சிச்சாலைக்கென அதனை வாங்கியது ஒமேகா நிறுவனமே. பின்னர் 2023இல், அது வெவ்வேறு உறுப்புகளைத் திரட்டிப் பொருத்தியது என அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவரே ஏமாறக்கூடுமாயின் ஏனையோர் நிலை யாதாகும்?

ஆதலின் முகப்பு, முட்கள், கூடு, இயந்திரம், வரிசை எண் ஆகிய யாவும் ஒரே காலத்தைச் சுட்டுகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். போலிசெய்வோன் வாங்குவோனை வஞ்சிப்பதோடு நில்லான். பழுதின்றி எஞ்சிய கரிய முகப்பொன்றையும் என்றைக்குமாய் அழித்துவிடுகின்றான். இழந்த பணம் திரும்பக் கூடும், அம்முகப்பு திரும்பாது.