சாய்ந்து அமர்வதா, நிமிர்ந்து அமர்வதா? க்ரூஸர் வாங்குவோர் அறிய வேண்டியவை

திருச்சியிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், ஜெயங்கொண்டத்தின் ஓரமாகச் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்கள், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகளின் புழுதிக்கு நடுவே, கால்களை முன்னே நீட்டி, முதுகைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, சிம்மாசனத்தில் அமர்ந்தவர்களைப் போல இளைஞர்கள் கனத்த மோட்டார் சைக்கிள்களில் போவதை இப்பொழுது காணலாம். கனத்த வண்டி என்றால் புல்லட் ஒன்றுதான் என்றிருந்த காலம் போய்விட்டது. க்ரூஸர் என்ற பெயரிலேயே சாய்ந்து அமர்வது, நிமிர்ந்து அமர்வது என்று இரண்டு ஜாதி வண்டிகள் கடைக்கு வந்துவிட்டபடியால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி வாங்குபவரின் ரசனையைப் பொறுத்த விஷயமாக மட்டும் இல்லாமல், அவருடைய முதுகெலும்பையும், பின்னால் உட்காரப்போகும் குடும்பத்தாரின் க்ஷேமத்தையும், சட்டத்தின் முன் அவருக்குள்ள நிலையையும் பொறுத்த விஷயமாகிவிட்டது.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியாவின் வாரிசான ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியார் 650 என்ற வண்டியையும், சரியாக ஓராண்டு கழித்து ஷாட்கன் 650 என்ற வண்டியையும் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் 648 சி.சி. இரட்டை சிலிண்டர் என்ஜின் ஒன்றே. எடையிலும் 241 கிலோ, 240 கிலோ என்று ஒரு கிலோதான் வித்தியாசம். ஆயினும் முன்னதில் இருக்கை தரையிலிருந்து 740 மில்லிமீட்டர் உயரத்திலும், ஃபுட் ரெஸ்ட் முன்னே தள்ளியும் இருக்கின்றன. பின்னதில் இருக்கை 795 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்து, கால் வைக்கும் இடம் ஏறக்குறைய உடம்புக்கு நேர் கீழே வருகிறது. முன்னதன் டேங்க் 15.7 லிட்டர் கொள்ளும். பின்னதன் டேங்க் 13.8 லிட்டர்தான்.

காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசம் சாலையில் எப்படிப் பேசுகிறது என்பதைச் சற்று விவரமாகவே பார்க்க வேண்டும். காலை முன்னே நீட்டி அமர்ந்தவன், பள்ளத்தையோ வேகத்தடையையோ கண்டதும் காலை ஊன்றி இருக்கையை விட்டு எழும்ப இயலாது; ஆகையினால் ஒவ்வொரு குலுக்கலும் இடுப்பின் வழியாக முதுகெலும்புக்கே நேராகப் போய்ச் சேர்கிறது. நல்ல நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவனுக்கு அந்த ஆசனம் பரம சௌகரியம். தினந்தோறும் முந்திரித் தோப்புகளுக்கிடையே கிராமச் சாலையில் உடையார்பாளையம் பக்கம் போய் வருகிறவனுக்கு அதுவே உபத்திரவம். காலைக் கீழே ஊன்றி நிமிர்ந்து அமர்கிறவன் பள்ளத்தில் எழும்பிக்கொள்ளலாம், அணைக்கரைப் பாலத்தைப் போன்ற குறுகிய இடத்தில் வண்டியைச் சுலபமாக நெளித்துக்கொள்ளலாம். ஆனால் உயரம் குறைந்தவராயின், லாரிகள் சிந்திப்போன ஜல்லித்தூளின் மீது 240 கிலோவை நுனிக்காலால் தாங்கி நிற்கும்படி நேரும், அங்கே கால் வழுக்கினால் வண்டியைத் தூக்கி நிறுத்த இன்னொருவர் வேண்டும். ஷோரூமின் வழவழத்த தரையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது தேர்வே அல்ல. வேகத்தடை, மேடான திருப்பம், மண் ஓரம் ஆகிய மூன்றும் உள்ள வழியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்க அவசியம் ஒன்றுமில்லை.

பின்னால் உட்காருபவரைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. இவ்வகை வண்டிகளில் சில ஒற்றை ஆசனத்தோடே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதியோ, பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட் ரெஸ்டும், உடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விழுந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் நம் அரியலூர் ஜில்லாவில் இருக்குமா என்பது சந்தேகமே. அழகைக் கெடுக்கிறதென்று அந்தத் தடுப்பைக் கழற்றச் சொல்லும் கணவர், மனைவியை ஒருமுறை பக்கவாட்டில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும். வண்டி வாங்கும்போது இந்தியத் தரக் குறியீட்டுக்கு இணங்கிய ஹெல்மெட் தரப்பட வேண்டும் என்று 138-ஆவது விதி சொல்வதால், அதையும் கேட்டுப் பெறுவது நலம்.

இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையின் முக்கிய விஷயம். ஒரு ஜாதி வண்டியை வாங்கிவிட்டு, மறுமாதமே பட்டறைக்குக் கொண்டுபோய், ஹேண்டிலை உயர்த்தி, பின்பகுதியை அறுத்து, சைலன்ஸரை மாற்றி, அதை மற்றொரு ஜாதி வண்டியாக்க முயலும் வழக்கம் பரவிவருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்டதற்கும் பதிவுச் சான்றில் உள்ளதற்கும் மாறுபட வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அனுமதியின்றிச் செய்யப்படும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சப்தத்தின் அளவை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாத காலம் லைசென்ஸ் தகுதியிழப்பும் நேரிடலாம். அபராதத்தோடு விஷயம் முடிந்தாலும் பாதகமில்லை. விபத்துக்குப் பின் சொந்தச் சேதத்துக்கான இன்ஷூரன்ஸைக் கேட்கும்போது, தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் கம்பெனி மறுக்கவும், பழுதென்று புகார் செய்யும்போது, பட்டறைக்காரர் கைவைத்ததால் வந்த கோளாறு என்று தயாரிப்பாளர் கைகழுவவும், நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்தவர்களாகிறோம்.

விலையைப் பொறுத்தவரையில், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18 ஆகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆகவும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ராயல் என்ஃபீல்டின் சிறிய க்ரூஸரான 349 சி.சி. மீட்டியாருக்கும் 648 சி.சி. வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு கணிசமான பங்கு வரியே. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி நூற்றுக்கு 12. ஆன்ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொல்வதை ஏற்காமல், வண்டி விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், உதிரி அலங்காரங்கள் என்று பிரித்து எழுதிய கொட்டேஷனைக் கேளுங்கள். தங்களிடமே இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் வண்டி என்று நிர்ப்பந்திப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

உற்பத்தியிலேயே குறை நேர்வது எந்தப் பெரிய தொழிற்சாலைக்கும் புதிதல்ல. 2021 மே மாதத்தில் இக்னிஷன் காயில் கோளாறுக்காக, மீட்டியார் உட்பட 2,36,966 வண்டிகளை ராயல் என்ஃபீல்டு தானாகவே திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. தானாக அழைக்காத தயாரிப்பாளரை அழைக்கும்படி கட்டளையிட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இத்தகைய அழைப்பில் அந்த வண்டி அடங்கியிருந்ததா, வேலை முடிக்கப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்துக்கொள்வது உசிதம்.

பரிகாரத்துக்கு வருவோம். ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்ன குறைக்குச் சாட்சி கிடையாது. தீராவிட்டால் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து, அதன்பின் அரியலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். வண்டியைச் சென்னையிலோ திருச்சியிலோ வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். பரிசோதனையின்றித் தீர்மானிக்க இயலாத குறையாயின் ஆணையமே தகுந்த ஆய்வுக்கு அனுப்பும் என்பதால், அதற்கு முன் பழக்கமான மெக்கானிக்கிடம் கொடுத்து என்ஜினைப் பிரித்துவிடாமல் இருப்பது அவசியம். ஆய்வு தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகலாம் என்று எண்ணி, கொட்டேஷன் முதல் கடைசி ஜாப் கார்டு வரை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.