கழுத்துக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான்: உடம்பில் செல் துண்டு இருந்தால் முதலே சொல்லுங்கள்

வாயில் 3 கிழமைக்கு மேலாக ஆறாத புண், காரணம் தெரியாமல் கழுத்தில் நிற்கும் கட்டி. இவற்றுடன் ஜி.பி.யிடம் போனால், புற்றுநோயா என்று பார்க்க வைத்தியசாலைக்கு விரைவாக அனுப்புவதே இங்குள்ள நடைமுறை. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதல்படும் அம்மம்மாக்களும் கவனிக்க வேண்டும்: புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

அங்கே பலருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள். இதில் எக்ஸ்-கதிர் இல்லை. வலிமையான காந்தமும் வானொலி அலையும் சேர்ந்து, உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனிடமிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்குகின்றன. நாக்கின் தசைக்குள் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பு வழியே மண்டையோட்டின் அடிப்பக்கம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் சி.ரி. ஸ்கானைவிட இதில் தெளிவாகத் தெரியும். நாக்கில் 5 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் என்ற ஆழங்கள் நோயின் கட்டத்தையே மாற்றக்கூடியவை. எவ்வளவு வெட்டுவது, பிறகு பேச்சும் சாப்பாடும் எப்படி இருக்கும் என்பது அதில் தங்கியிருக்கிறது. ஆனால் அது புற்றுநோய்தானா என்று உறுதிப்படுத்துவது, சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சிதான்.

ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் இருக்கிறதா என்ற கேள்விக்கு எம்மவர் சிலர் யோசிக்காமல் "இல்லை" என்று போட்டுவிடுவார்கள். வன்னியில் பட்ட செல் துண்டு காலில் கிடப்பது அவர்களுக்குப் பழகிப்போன விடயம். சிலருக்கோ அதைச் சொல்லவே பயம். அந்தக் கேள்வி நீங்கள் எப்படிக் காயப்பட்டீர்கள் என்பதற்கல்ல, இரும்பு எங்கே இருக்கிறது என்பதற்கு. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் துண்டைக் காந்தம் அசைத்தால் பெரும் ஆபத்து. தசைக்குள் பல வருடம் இறுகிப்போன துண்டென்றால், எக்ஸ்-ரேயில் இடத்தைப் பார்த்துவிட்டு அனேகமாக அனுமதிப்பார்கள். முடியாதென்றால் சி.ரி. இருக்கிறது.

படிவத்தை நிரப்பப் பிள்ளையை அழைத்துப்போவது எங்கள் வழக்கம். பிள்ளைக்கு அந்தக் காயம் பற்றியே தெரியாமல் இருக்கலாம். முன்கூட்டிக் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்தியசாலை இலவசமாக ஒழுங்கு செய்யும்.

தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். படமெடுப்பது கழுத்தையல்லவா! உள்ளே சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். சத்தம் கேட்கும்போது எச்சில் விழுங்கினால் படம் கலங்கும். இடையில் சத்தம் நிற்கும்போது விழுங்கிக்கொள்ளலாம்.