பழி பேட்டரி மீது, பழுது டைனமோவில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு புது பேட்டரி வாங்குவதற்கு முன்...

ஸ்ரீ சிட்டியின் மதில்களுக்குள் 2016-லிருந்து இசுசூவின் புத்தம் புதிய வண்டிகள் உருவாகி வெளியே வருகின்றன. மதிலுக்கு வெளியே, சத்யவேடு சாலையிலும் தடாவைத் தொட்டுச் செல்லும் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையிலும், அம்பாசிடர்களும் மாருதி 800களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. 2022 ஏப்ரலில், 15 ஆண்டு தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதையும் கட்டி வண்டியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு வீண் செலவு வலிக்கத்தான் செய்யும்.

அந்த வீண் செலவுகளில் முதலிடம் பேட்டரிக்கு. இரவில் ஹெட்லைட் மங்குகிறது, ஹாரன் கம்முகிறது, காலையில் ஸ்டார்ட்டர் முனகுகிறது. உடனே புது பேட்டரி. சில நாட்களில் அதுவும் படுத்துவிடுகிறது. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகளின் வாயில் அது இன்றும் 'டைனமோ'தான். அசல் டைனமோ இருந்த காலத்தில் வண்டி சிக்னலில் நின்றால் சார்ஜும் நின்றுவிடும். 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் தனது வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியதற்குப் பிறகு உலகமே மெல்ல அதற்கு மாறியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. முதலில் பானட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தோ பளபளத்தோ இருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். அடுத்து டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும், எஞ்சின் ஓடினால் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் இல்லை. சாவி போட்டதும் எரியவே இல்லையா? பல பழைய மாடல்களில் ஆல்டர்னேட்டரை உசுப்பும் முதல் மின்சாரமே அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. சில ரூபாய் பல்ப் போனதற்காக முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றுவது எத்தனை கொடுமை!

மிச்சத்தை மல்டிமீட்டர் சொல்லிவிடும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டையோடு, இல்லை வெறும் ஒயர் இணைப்பு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். வண்டி சும்மா நிற்கும்போதே இரவோடு இரவாக பேட்டரி இறங்கினால் கசியும் டையோடையும் சந்தேகிக்கலாம்.

சிலர் ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'எஞ்சின் நிற்கவில்லை, டைனமோ நன்றாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்வார்கள். டைனமோ காலத்து வித்தை இது. ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் திடீரென்று எகிறி டையோடுகள் எரியும். பிற்கால மாருதிகளில் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம். டீசல் அம்பாசிடருக்கோ இந்தச் சோதனை அர்த்தமே இல்லாதது: ஸ்பார்க் தேவைப்படாத எஞ்சின், மின்சாரம் இல்லாமலும் ஓடும்.

பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் தேய்ந்திருந்தால் நல்ல ஆட்டோ எலக்ட்ரிஷியன் மாற்றித் தருவார். காயில் கருகியிருந்தால் வேறு வாங்குவதே மேல். ஸ்ரீ சிட்டியிலிருந்து சென்னை 55 கி.மீ. சொச்சம்தான். 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ்-ஸின் பாடி தொழிற்சாலையும், உதிரி பாகங்களுக்குப் பேர்போன ஜி.பி. ரோடும், பழைய சாமான்களின் புதுப்பேட்டையும் அங்கே இருக்கின்றன. பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆம்பியர், புல்லியின் பள்ளம், போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும்.

கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகடிவ் டெர்மினல். ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளில் சாவி நிறுத்தப்பட்டிருந்தாலும் மின்சாரம் உண்டு. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஒயர்களை அடையாளமிட்டு எடுத்து, புதியதைப் பூட்டி, பெல்ட்டை முறுக்குங்கள். நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். அதிகம் முறுக்கினால் பேரிங் தாங்காது. செத்த பேட்டரியை முதலில் கடையில் சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் புது ஆல்டர்னேட்டர் முதல் நாளே முழு பாரத்தையும் இழுத்துச் சூடேறும்.